பந்தய அதிகாரிகளுக்கு உரிமம் வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

குதிரைப் பந்தய அதிகாரிகளுக்குத் தேர்வு நடத்தி உரிமம் வழங்கும் ஆணையங்களின் தலைவர்களுக்கும், வினாத்தாள் தயாரிக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஒரு குதிரை ஓடுபாதையில் கால் வைப்பதற்கு முன்பே அதன் அடையாளமும் உடல்நிலையும் பார்க்கப்படுகின்றன. ஜாக்கி எடை போட்டுக் காட்ட வேண்டும். பயிற்சியாளரின் உரிமம் காலாவதியாகியிருந்தால் அவருடைய குதிரை பதிவேட்டில்கூட ஏறாது. இத்தனையையும் சரிபார்க்கும் அதிகாரியைச் சரிபார்த்தது யார், எதை வைத்து அவருக்கு அந்தப் பொறுப்பு தரப்பட்டது என்று கேட்டால், கிடைக்கும் விடை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஓர் இடத்தில் எழுத்துத் தேர்வு இருக்கிறது. வேறோர் இடத்தில் நேர்காணல் மட்டும். இன்னும் சில இடங்களில், பல்லாண்டுகளாகத் திடலில் இருப்பவர், எல்லோருக்கும் தெரிந்தவர் என்பதே தகுதியாகிவிடுகிறது. பந்தயங்களை நெடுங்காலமாகப் பார்த்து வருபவன் என்ற முறையிலும், ஸ்டீவர்ட்கள் (பந்தயத்தைக் கண்காணித்து விதிமீறல் பற்றித் தீர்ப்பு சொல்லும் அதிகாரிகள்) வெளியிடும் அறிக்கைகளை விடாமல் படிப்பவன் என்ற முறையிலும், இந்த நடைமுறையைப் பற்றி எனக்குள்ள ஒரு முறையீட்டை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

என் முறையீடு இதுதான்: நீங்கள் நடத்தும் தேர்வுகள் பெரும்பாலும் விண்ணப்பதாரருக்கு விதிப்புத்தகம் எவ்வளவு நினைவிருக்கிறது என்பதை அளக்கின்றன. பந்தய நாளில் அவர் செய்யப்போகும் வேலையோ, அரைகுறையாகக் கிடைக்கும் தகவலை வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்குள், மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லக்கூடிய ஒரு முடிவை எடுப்பது. விதிப்புத்தகத்தை அவர் மேசைமேல் வைத்துப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அதை யாரும் தடுக்கப்போவதில்லை. புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத அந்த முடிவெடுக்கும் திறனையே தேர்வு அளக்க வேண்டும், உரிமம் வாழ்நாள் முழுதும் செல்லும் என்று விட்டுவிடாமல் குறித்த காலத்துக்கு ஒருமுறை மீண்டும் அளக்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

இந்தப் பதவிகள் எப்படி உருவாயின என்பதைப் பார்த்தால், தேர்வு ஏன் இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்பது புரியும். 1750 வாக்கில் இங்கிலாந்தில் ஜாக்கி கிளப் தோன்றியபோது, ஸ்டீவர்ட் என்பவர் அந்தக் கிளப்பின் உறுப்பினர்களில் ஒருவர். பெரும்பாலும் தாமே குதிரைகள் வைத்திருந்தவர், தாமே பணம் கட்டியவர். அவருடைய குடிப்பெருமையே அவருடைய தகுதிச் சான்று. 1844இல் டெர்பி பந்தயத்தில் முதலில் வந்த 'ரன்னிங் ரெய்ன்' என்ற குதிரை, மூன்று வயதுக் குதிரைகளுக்கான அந்தப் போட்டியில் பெயர் மாற்றி நுழைக்கப்பட்ட நான்கு வயதுக் குதிரை என்பதை வெளிக்கொணர முனைப்பாக நின்றவர் ஜார்ஜ் பென்டிங்க் பிரபு. அவரும் குதிரை உரிமையாளர், பெரும் பந்தயப் பணம் வைத்து ஆடியவர். அந்தக் காலத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். இங்கிலாந்திலேயே இன்று ஒழுங்குமுறைப் பொறுப்பு ஜாக்கி கிளப்பிடம் இல்லை. 2007 முதல் அது தனி ஆணையத்திடம் இருக்கிறது. கட்டமைப்பு இவ்வளவு மாறியபிறகும், 'அனுபவசாலிக்குத் தேர்வு எதற்கு?' என்ற பழைய எண்ணம் மட்டும் பல இடங்களில் தங்கிவிட்டது.

அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனுபவசாலிகள் நிறைந்த இடத்திலேயே என்ன நடக்கக்கூடும் என்பதற்கு, 2021 நவம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் டெல் மார் திடலில் நடந்ததை நினைவூட்டுகிறேன். பிரீடர்ஸ் கப் போட்டிகளில் ஒன்றான ஜுவனைல் டர்ஃப் பந்தயத்துக்குக் குதிரைகள் ஸ்டார்ட்டிங் கேட்டுக்குள், அதாவது புறப்படுமுன் அவற்றைத் தனித்தனி அறைகளில் நிறுத்தும் அமைப்புக்குள், நின்றுகொண்டிருந்தன. இரண்டாம் அறையில் இருந்த 'அல்பார்' என்ற குதிரை மிரண்டு எழும்பி விழுந்துவிட்டது. பக்கத்து அறையில் இருந்த 'மாடர்ன் கேம்ஸ்' அடிபடாமல் இருப்பதற்காகக் கேட் பணியாளர்கள் அதன் முன்கதவைத் திறந்து வெளியே விட்டார்கள். ஆனால் அந்தக் குதிரை கதவை முட்டித் திறந்துகொண்டு ஓடிவிட்டதாகக் கால்நடை மருத்துவர்கள் புரிந்துகொண்டனர். அப்படி முட்டிய குதிரைக்கு உள்காயம் இருக்கலாம் என்பதால் அதை விலக்கும்படி ஸ்டீவர்ட்களுக்குச் சொல்லப்பட்டது, விலகல் அறிவிக்கப்பட்டது, பணம் கட்டும் கணக்கிலிருந்தும் அது நீக்கப்பட்டது. பிழை தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது. குதிரை ஓடலாம், ஆனால் பரிசுப் பணத்துக்காக மட்டும் ஓடலாம், அதன்மேல் கட்டிய பணம் செல்லாது என்ற விசித்திரமான ஏற்பாட்டில் பந்தயம் நடந்தது. மாடர்ன் கேம்ஸ் வென்றது. வென்ற குதிரையைக் கூட்டம் கூச்சலிட்டுப் பழித்தது.

இதில் விதி தெரியாதவர் என்று யாரையாவது சுட்டிக்காட்ட முடியுமா? கதவைத் திறந்தவர் செய்தது சரி. கதவை முட்டிய குதிரையை ஓடவிடக் கூடாது என்று மருத்துவர் நினைத்ததும் சரி. மருத்துவரின் சொல்லை ஸ்டீவர்ட்கள் ஏற்றதும் விதிப்படி சரி. 'நீங்கள் அதை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா, யாராவது சொல்லிக் கேட்டீர்களா, அல்லது நிலைமையைப் பார்த்து ஊகித்தீர்களா?' என்ற ஒரே ஒரு கேள்வி சங்கிலியின் ஏதாவதொரு கண்ணியில் உரக்கக் கேட்கப்பட்டிருந்தால், கேட்டின் காணொளியை ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் அளவுக்காவது அறிவிப்பு தாமதப்பட்டிருக்கும். இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை எந்த எழுத்துத் தேர்வு அளக்கிறது? மூன்று விண்ணப்பதாரர்களை ஓர் அறையில் அமர்த்தி, ஒருவருக்குக் கேட்டிலிருந்து வரும் வானொலிச் செய்தியையும், இன்னொருவருக்கு மருத்துவரின் அறிக்கையையும், மூன்றாமவருக்குக் காணொளியையும் கொடுத்து, மூன்றும் ஒன்றோடொன்று சிறிது முரண்படும்படி அமைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் கூட்டாக ஒரு முடிவைக் கேளுங்கள். யார் யாரிடம் என்ன கேட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவைவிட அந்தக் கேள்விகளுக்கே அதிக மதிப்பெண் தரலாம்.

கேட் பக்கம் இருக்கும்போதே, பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1993 ஏப்ரல் 3 அன்று எயின்ட்ரீயில் நடந்த கிராண்ட் நேஷனலில், இரண்டாவது முறை புறப்பட்டபோது தொடக்க நாடா ஒரு ஜாக்கியின் கழுத்தில் சுற்றிக்கொண்டது. தவறான புறப்பாடு என்று ஸ்டார்ட்டர் உணர்ந்தார், கொடியைத் தூக்கினார். அந்தக் கொடி விரியவில்லை. ஓடுபாதையில் தள்ளி நின்று திருப்பி அனுப்ப வேண்டியவரின் சைகையும் ஜாக்கிகளைச் சென்றடையவில்லை. 39 குதிரைகளில் 30 குதிரைகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஏழு குதிரைகள் நாலரை மைல் தூரத்தையும் முடித்தன. முதலில் வந்த 'ஈஷா நெஸ்' எதையும் வெல்லவில்லை, ஏனெனில் பந்தயமே செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. இங்கேயும் ஸ்டார்ட்டரின் தீர்ப்பு சரி. தீர்ப்பு உரியவர்களைப் போய்ச் சேரும் வழிதான் உடைந்துபோயிற்று. ஸ்டார்ட்டர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பவரை, 'தவறான புறப்பாடு என்றால் என்ன?' என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. 'உங்கள் முதல் சைகை வேலை செய்யவில்லை, இப்போது என்ன செய்வீர்கள், அதை நீங்கள் காலையில் ஒத்திகை பார்த்தீர்களா?' என்று கேட்க வேண்டும். வெறுமனே கேட்பதைவிட, ஆளில்லாத திடலில் ஒரு காலை வேளையில் கருவி ஒன்றை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்துவிட்டு என்ன செய்கிறார் என்று பார்ப்பது இன்னும் நல்லது.

இனி ஸ்டீவர்ட்களின் தேர்வுக்கு வருகிறேன்; இந்த மடலின் பாரம் அங்கேதான் இருக்கிறது.

குறுக்கிடல் (ஒரு குதிரை இன்னொன்றின் பாதையில் புகுந்து அதைத் தடுப்பது) நடந்ததா, நடந்திருந்தால் முடிவை மாற்ற வேண்டுமா என்பது ஸ்டீவர்ட்கள் எடுக்கும் முடிவுகளில் மிகவும் சர்ச்சைக்குரியது. இதற்கு உலகில் இரண்டு கோட்பாடுகள் நடைமுறையில் உள்ளன. முதல் வகையில், குறுக்கிடல் நிகழாமல் இருந்திருந்தால் பாதிக்கப்பட்ட குதிரை, குறுக்கிட்ட குதிரையை முந்தியிருக்கும் என்று ஸ்டீவர்ட்கள் கருதினால் மட்டுமே வரிசை மாற்றப்படும். ஜாக்கியின் தவறுக்குத் தண்டனை தனியே உண்டு. இரண்டாம் வகையில், குறுக்கிடல் மற்றொரு குதிரையின் வாய்ப்பைப் பாதித்திருந்தாலே, குறுக்கிட்டது எவ்வளவு சிறந்த குதிரையாக இருந்தாலும், பாதிக்கப்பட்டதற்குப் பின்னால் தள்ளப்படும். ஜப்பான் 2013இலும் பிரான்ஸ் 2018இலும் முதல் வகைக்கு மாறின; அமெரிக்கா இரண்டாம் வகையிலேயே இருக்கிறது. எது மேலானது என்ற விவாதத்துக்குள் நான் இங்கே நுழையவில்லை. இரண்டிலும் ஸ்டீவர்ட் பதில் சொல்ல வேண்டிய கேள்வி வேறு வேறு என்பதும், ஒன்றில் பயிற்சி பெற்றவர் மற்றதில் அமர்ந்தால் பழைய பழக்கம் அவர் கையைப் பிடித்து இழுக்கும் என்பதும்தான் உங்கள் கவனத்துக்கு உரியவை. ஒரு நாட்டில் பெற்ற உரிமத்தை இன்னொரு நாடு அப்படியே ஏற்கும்போது, இந்த ஒரு பகுதியிலாவது புதிதாகத் தேர்வு வைக்க வேண்டும்.

படத்தைப் பார்த்து முடிவு சொல்வது எளிது என்று பார்வையாளர் கூட்டத்தில் இருக்கும் எல்லோரும் நினைக்கிறோம். நேர் எதிரிலிருந்து எடுக்கும் கேமரா மிகத் தொலைவிலிருந்து லென்ஸ் வழியே இழுத்துப் பிடிக்கிறது. அப்படி இழுத்த படத்தில் முன்னும் பின்னுமாக உள்ள இடைவெளி சுருங்கிப்போகும். இரண்டு குதிரை நீளம் முன்னே போய்விட்ட குதிரை பாதை மாறினாலும், பின்னால் வரும் குதிரையின் மூக்கை உரசிக்கொண்டு போனதுபோலத் தெரியும். பக்கவாட்டில் ஓடும் கேமராவிலோ இடைவெளி சரியாகத் தெரியும், ஆனால் குதிரை எவ்வளவு அகலத்துக்கு உள்ளே வந்தது என்பது தெரியாது. இரண்டையும் ஒரே கணத்தில் நிறுத்தி, ஒன்றில் ஜாக்கியின் கைகளையும் மற்றதில் குதிரையின் கால்களையும் பார்த்து, அவர் கடிவாளத்தை இழுத்தது தாக்குண்ட பிறகா அதற்கு முன்பா என்று கண்டுபிடிக்க வேண்டும். முன்பே இழுத்திருந்தால், தளர்ந்துபோன தன் குதிரைக்கு அவர் சாக்குத் தேடியிருக்கவும் கூடும். இது பழகப் பழக வரும் திறன். ஆகவே சோதிக்கக்கூடிய திறன்.

இதைச் சோதிக்க ஒரு வழியை முன்வைக்கிறேன். உங்கள் ஆவணக் காப்பகத்திலிருந்து, பரவலாகத் தெரியாத பந்தயங்களின் படங்களை எடுங்கள். குதிரைகளின் பெயர், பந்தய விகிதம், பரிசுத் தொகை, ஸ்டீவர்ட்கள் அன்று என்ன முடிவெடுத்தார்கள் என்பவை எதுவும் விண்ணப்பதாரருக்குத் தெரியக் கூடாது. அவர் முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதட்டும். சில மாதங்கள் கழித்து அதே படங்களில் சிலவற்றை, வேறு வரிசையில், வேறு படங்களோடு கலந்து மறுபடியும் காட்டுங்கள். ஒரே படத்துக்கு இருமுறை இருவேறு முடிவு சொல்பவர், இரண்டு முடிவுகளையும் அழகாக நியாயப்படுத்தியிருந்தாலும், இன்னும் தயாராகவில்லை. அதேபோல், விண்ணப்பதாரர்களில் ஒரு தொகுதிக்குக் குறுக்கிட்ட குதிரை பெரும்பான்மையோர் பணம் கட்டியது என்று சொல்லியும், இன்னொரு தொகுதிக்குச் சொல்லாமலும் காட்டிப் பார்க்கலாம். கூட்டத்தின் பணம் தன் கண்ணைத் தொடவில்லை என்று எல்லா ஸ்டீவர்ட்களும் மனமார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைச் சோதிப்பதில் யாருக்கும் அவமானம் இல்லை.

முடிவு மட்டும் போதாது, காரணம் வேண்டும் என்று சொன்னேன். 2019 மே 4 அன்று நடந்த கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த 'மேக்ஸிமம் செக்யூரிட்டி' குறுக்கிடலுக்காகத் தள்ளப்பட்டு, 17ஆம் இடத்தில் வைக்கப்பட்டது. 'கன்ட்ரி ஹவுஸ்' வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஓடுபாதையில் நடந்த குறுக்கிடலுக்காக அந்தப் பந்தயத்தின் வெற்றிக்குதிரை நீக்கப்பட்டது அதுவே முதல் முறை. ஸ்டீவர்ட்கள் தாமாக விசாரணை விளக்கை ஏற்றவில்லை. இரண்டு ஜாக்கிகள் அப்ஜெக்‌ஷன் எழுப்பிய பிறகே ஆய்வு நடந்தது, அது சுமார் 22 நிமிடம் நீடித்தது. பிறகு தலைமை ஸ்டீவர்ட் ஒரு சிறு அறிக்கையைப் படித்தார். கேள்விகளுக்கு இடம் தரப்படவில்லை. உரிமையாளர் நீதிமன்றம் போனார். ஸ்டீவர்ட்களின் அந்த முடிவு மேல்முறையீட்டுக்கு உரியதல்ல என்ற நிலைப்பாட்டையே 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது.

முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். இதில் என்னோடு மாறுபடுபவர்கள் ஏராளம். ஆனால் மேல்முறையீடு இல்லாத ஒரு முடிவை எடுக்கும் அதிகாரம் படைத்தவர், அந்த முடிவை அன்றே, அந்த இடத்திலேயே, பொதுமக்களுக்குப் புரியும் மொழியில் விளக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது. எந்தக் குதிரை எந்த இடத்தில் எந்தக் குதிரையைப் பாதித்தது, அதை எந்தப் படத்தில் கண்டோம், எந்த விதிப்படி வரிசையை மாற்றினோம், மாற்றுக் கருத்தை ஏன் ஏற்கவில்லை என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதும் திறனைத் தேர்வின் கட்டாயப் பகுதியாக்குங்கள். ஹாங்காங்கில் ஒவ்வொரு பந்தய நாளுக்கும் ஸ்டீவர்ட்கள் வெளியிடும் அறிக்கைகளைப் படித்தால், பின்வரிசையில் வந்த ஒரு குதிரை புறப்படும்போது தடுமாறியதுகூடப் பதிவாகியிருப்பதைக் காணலாம். அத்தகைய பதிவை ஒவ்வொரு வாரமும் எழுதிப் பழகியவருக்குப் பெரிய நாளில் வாய் அடைத்துப்போகாது.

உடனடியாக எடுக்க வேண்டிய முடிவு எது, பொறுத்து எடுக்கலாம் என்பது எது என்று பிரித்துக்கொள்வதும் இதோடு தொடர்புடையது. சாட்டைப் பயன்பாட்டு மீறல்களைப் பந்தய நாளில் அவசரமாக முடிவு செய்யாமல், வாரந்தோறும் கூடும் தனிக் குழுவிடம் விடும் முறையை பிரிட்டன் 2023இல் கொண்டுவந்தது. அங்கே சமதளப் பந்தயத்தில் 6, தடை தாண்டும் பந்தயத்தில் 7 என்பது சாட்டை வீச்சின் வரம்பு. வரம்பைவிட நான்கோ அதற்கு மேலோ கூடினால் குதிரையே நீக்கப்படும். எண்ணிச் சொல்லவேண்டிய ஒரு வேலையை அமைதியான அறைக்கு மாற்றியது அறிவுடைய செயல். உங்கள் அதிகாரிகளின் வேலைகளில் வேறு எவற்றை இப்படி மாற்றலாம் என்று ஆராய்ந்தால், பந்தய நாள் தேர்வில் எதைச் சோதிக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

அடுத்து, ஒரே உரிமத்தில் பல பதவிகளை அடக்கும் வழக்கத்தை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வின்னிங் போஸ்ட்டில் அமர்ந்து முடிவுக்கோட்டைக் கடந்த வரிசையைச் சொல்லும் நடுவரின் வேலைக்கும் ஸ்டீவர்ட்டின் வேலைக்கும் ஒற்றுமை மிகக் குறைவு. ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா சாதாரணப் புகைப்படம் எடுப்பதில்லை. முடிவுக்கோட்டை மட்டும் ஒரு மெல்லிய பிளவு வழியே பார்த்துக்கொண்டு, அந்தக் கோட்டை ஒவ்வொரு நொடித்துளியிலும் கடப்பதை அடுத்தடுத்துக் கீற்றுகளாகப் பதிகிறது. படத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் இடத்தைக் குறிப்பதில்லை, நேரத்தைக் குறிக்கின்றன. அதனால்தான் கோட்டின்மேல் ஊன்றி நின்ற ஒரு குளம்பு அந்தப் படத்தில் மெழுகாக உருகி நீண்டதுபோலத் தெரிகிறது. அதைப் பார்த்துத் தடுமாறாமல், மூக்கின் நுனியில் கோட்டைப் பொருத்த வேண்டும். உட்புறக் குதிரை மறைக்கப்பட்டிருந்தால் எதிர்ப்பக்கக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். 1944இல் நியூயார்க்கின் அக்விடக்ட் திடலில் நடந்த கார்ட்டர் ஹேண்டிகேப்பில் மூன்று குதிரைகள் சமமாக வந்ததாக அறிவிக்கப்பட்டது. மூன்றையும் பிரிக்க முடியவில்லை என்று சொல்லவும் ஒரு துணிவு வேண்டும். 'ஏதாவதொன்றைச் சொல்லித்தானே ஆகவேண்டும்' என்ற உந்துதலுக்கு இடம் கொடுப்பவர் அந்த நாற்காலிக்கு ஏற்றவரல்லர். ஆகவே நடுவருக்கான தேர்வில், பிரிக்கவே முடியாத படங்கள் சிலவற்றையும் கலந்துவையுங்கள்.

அடையாளம் பார்ப்பவர்களின் கதை வேறு. 1984 ஆகஸ்ட் 18 அன்று பிரிஸ்பேனின் ஈகிள் ஃபார்ம் திடலில் 'ஃபைன் காட்டன்' என்ற பெயரில் ஓடியது உண்மையில் அதைவிட வேகமான 'போல்ட் பர்சனாலிட்டி'. சாயம் பூசி அழைத்துவரப்பட்டிருந்தது. சந்தேகம் கிளப்பியது சோதனையைவிட, திடீரென்று பல இடங்களிலிருந்து ஒரே குதிரைமேல் குவிந்த பணமும் பார்வையாளர்களின் கூச்சலும். இன்று மைக்ரோசிப் வந்துவிட்டதால் அந்தப் பிழைக்கு இடமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்கேனர் ஓர் எண்ணைத்தான் சொல்லும். அந்த எண்ணுக்குரிய அடையாள ஏட்டில் உள்ள நெற்றிச் சுட்டியும் சுழிகளும் கால் வெண்மையும் எதிரே நிற்கும் குதிரையோடு பொருந்துகின்றனவா என்பதைக் கண் சொல்ல வேண்டும். எண் பொருந்தி உருவம் பொருந்தாத ஏடு ஒன்றைத் தேர்வில் நுழைத்துப் பாருங்கள். எத்தனை பேர் ஸ்கேனரின் ஒலியைக் கேட்டவுடன் தலையசைத்து அனுப்புகிறார்கள் என்பது தெரியவரும்.

எடை பார்ப்பவர், ஹேண்டிகேப் கணிப்பவர் (வாய்ப்பைச் சமன்படுத்த ஒவ்வொரு குதிரையும் சுமக்க வேண்டிய எடையை நிர்ணயிப்பவர்) ஆகியோரைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. அவர்களுடைய வேலை எண்களில் இருப்பதால் பிழை விரைவில் வெளியே தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் சொல்லலாம்: ஹேண்டிகேப் கணிப்பவருக்கான தேர்வில், நடந்து முடிந்த பந்தயங்களை வைத்து எடைகளை விளக்கச் சொல்வது பயனற்றது, ஏனெனில் விடை தெரிந்த கணக்குக்கு வழி கண்டுபிடிப்பது யாருக்கும் கைவரும். இன்னும் ஓடாத பந்தயங்களுக்கு எடை கணிக்கச் சொல்லி, ஒரு பருவம் முழுதும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண்பார்வை, நிறம் பிரித்தறிதல் ஆகியவற்றுக்கான மருத்துவச் சோதனையை ஆண்டுதோறும் எல்லோருக்கும் நடத்துவதும் ஒரு பெரிய காரியமல்ல. ஜாக்கிகளின் சட்டை நிறத்தை நம்பி நடக்கும் தொழிலில் இது விடுபடும் இடங்கள் இருக்கவே கூடாது.

தேர்வு நடத்துபவர் யார் என்பது நான் எழுதத் தயங்கிய பகுதி. ஆயினும் எழுதுகிறேன். பந்தயத்தை நடத்தி வருமானம் பார்க்கும் அமைப்பே அதிகாரிகளைப் பயிற்றுவித்து, அதே அமைப்பே தேர்வு வைத்து, அதே அமைப்பே ஊதியமும் தரும்போது, தோற்ற ஒருவரைத் தோற்றவர் என்று சொல்லும் சுதந்திரம் தேர்வாளருக்கு எவ்வளவு இருக்கும்? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2019இல் பந்தய வழக்குகளுக்கெனத் தனித் தீர்ப்பாயம் அமைத்தது. அமெரிக்கா 2020இல் இயற்றிய சட்டத்தின் கீழ் ஒரு தேசிய ஆணையம் அமைந்து, 2022 ஜூலை 1 முதல் அதன் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. குற்றம் விசாரிப்பவரைப் பிரிப்பதற்கும் விதி வகுப்பவரைப் பிரிப்பதற்கும் ஒப்புக்கொண்டவர்கள், தேர்வு வைப்பவரைப் பிரிப்பதற்கு மட்டும் தயங்குவது பொருந்தவில்லை. விடைத்தாளைத் திருத்துபவர் வேறொரு நாட்டு ஆணையத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும். விண்ணப்பதாரரின் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்கட்டும். பந்தயத் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், பாதிப்பேர் உறவினர்கள். இது குற்றச்சாட்டல்ல, நிலவரம்.

வட அமெரிக்காவில் ஸ்டீவர்ட்களுக்கு வகுப்பு, தேர்வு, தொடர்கல்வி ஆகியவற்றை வரிசைப்படுத்தும் அங்கீகாரத் திட்டம் ஒன்று இயங்குகிறது. இப்படியொன்று இருப்பதே நல்ல தொடக்கம். ஆனால் எங்கும் தொடர்கல்வி என்றால் கருத்தரங்கில் இத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தார் என்ற வருகைப்பதிவாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. பின்வரிசையில் அமர்ந்து தேநீர் இடைவேளைக்குக் காத்திருப்பதும் அந்தக் கணக்கில் சேரும். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, அந்த அதிகாரி கடந்த காலத்தில் எடுத்த முடிவுகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, வேறு அதிகாரிகளிடம் பெயரின்றிக் காட்டி, அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பாருங்கள். ஒத்துப்போகாமை உடனே தண்டனைக்கு வழி வகுக்க வேண்டியதில்லை. எந்த வகைப் பந்தயத்தில், எந்த வகைக் குறுக்கிடலில் கருத்து சிதறுகிறது என்பது உங்களுக்கே அடுத்த வினாத்தாளுக்கான பாடத்திட்டத்தைத் தந்துவிடும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று சிறிய ஆணையங்கள் கேட்பது நியாயம். ஆண்டுக்குச் சில நாட்களே பந்தயம் நடத்தும் இடங்களில் படத்தேர்வு அமைப்பது கடினம்தான். ஆனால் படங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. குறுக்கிடல் பற்றிய மாதிரி விதியைச் சர்வதேச ஒப்பந்தத்தில் இணைத்த, பந்தய ஆணையங்களின் சர்வதேசக் கூட்டமைப்பே, தேர்வுக்கான பொதுப் படத் தொகுப்பு ஒன்றையும் பராமரிக்கலாம். பெரிய ஆணையங்கள் படங்களைத் தரட்டும், சிறியவை பயன்படுத்திக்கொள்ளட்டும். அனுபவசாலிகள் மனம் புண்படுவார்கள் என்ற இன்னோர் எதிர்ப்பும் எழும். ஜாக்கி ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னும் பின்னும் தராசில் ஏறுகிறார். எத்தனை ஆயிரம் வெற்றி பெற்றவராயினும் அவர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

உங்கள் அடுத்த தேர்வு அறிவிப்பில் குறைந்தது இந்த மூன்று மாற்றங்களையாவது எதிர்பார்க்கிறேன்: பாடத்திட்டத்தோடு மாதிரிப் படக்கேள்விகளைப் பொதுவில் வெளியிடுதல், காரணம் எழுதும் தாளைக் கட்டாயமாக்குதல், ஒவ்வொரு உரிமமும் எந்தப் பதவிக்கு, எந்தத் தேதிவரை செல்லும் என்பதைப் பதிவேட்டில் யாரும் பார்க்கும்படி வைத்தல். இவற்றில் எதையேனும் செய்ய இயலாது என்று நீங்கள் கருதினால், அதற்கான காரணத்தையும் வெளிப்படையாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். தேர்வுக் குழு கூடும் நாளுக்கு முன் இந்த மடல் உறுப்பினர்கள் அனைவரின் பார்வைக்கும் வைக்கப்பட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
பந்தயங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒருவன்